கேம் நடுவே கம்ப்யூட்டர் கிராஷ் ஆகிக்கொண்டே இருந்தால்: காரணத்தைப் பிடிப்பது எப்படி

மற்ற வேலை எதற்கும் மக்கர் செய்யாத கம்ப்யூட்டர், கேம் போட்டால் மட்டும் கிராஷ் ஆகிறது. இதில் மர்மம் எதுவும் இல்லை. சிபியு, கிராபிக்ஸ் கார்டு, ராம், பவர் சப்ளை நான்கும் ஒரே சமயத்தில் முழு மூச்சாக உழைப்பது கேம் ஓடும்போதுதான். அந்த உழைப்பும் சீராக இருக்காது. லோடிங் திரையில் சும்மா இருந்த கார்டு, அடுத்த நொடியில் 300 வாட் இழுக்கும். ஏதாவது ஒரு பாகம் பலவீனமாக இருந்தால் அந்தத் தாவலில் வெளியே வந்துவிடும்.

பலரும் முதலில் செய்வது விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது. அதைக் கடைசிக்கு வையுங்கள். கோளாறு ஹார்டுவேரில் இருந்தால் அரை நாள் வீணாகும். அதுவரை சேர்ந்திருந்த எரர் பதிவுகளும் அழிந்துபோகும். இன்னொரு விதியையும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். டிரைவரை மாற்றி, ராமைக் கழற்றி மாட்டி, மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸையும் அப்டேட் செய்துவிட்டு கேம் ஓடினால், எது சரிசெய்தது என்று தெரியாது. பிரச்சினை திரும்ப வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எப்படி கிராஷ் ஆகிறது?

கிராஷ் ஆகும் விதத்தை வைத்தே பாதி காரணங்களைத் தள்ளிவிடலாம். அடுத்த முறை நடக்கும்போது திரை, சத்தம், ஃபேன், விளக்குகள் எல்லாவற்றையும் கவனியுங்கள்.

கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வருகிறது என்றால், இயந்திரம் உயிரோடுதான் இருக்கிறது. ஒரே ஒரு கேமில் மட்டும் இப்படி என்றால் அந்த கேமின் ஃபைல், செட்டிங், மாட் (கேமில் ரசிகர்கள் சேர்க்கும் மாற்றங்கள்) இவற்றைப் பாருங்கள். எல்லா கேமிலும் நடந்தால் டிரைவர், ராம், சிபியு பக்கம் திரும்புங்கள்.

திரை கருப்பாகிறது, கார்டின் ஃபேன்கள் முழு வேகத்தில் கத்துகின்றன, ஆனால் பின்னணி இசையோ நண்பரின் குரலோ இன்னும் சில நொடிகள் கேட்கிறது: கிராபிக்ஸ் கார்டு மட்டும் கழன்றுகொண்டது என்று அர்த்தம். கார்டுக்குப் போகும் மின்சாரம், கார்டு, அதன் டிரைவர் ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணம்.

பிளக்கைப் பிடுங்கியது போல எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ரீஸ்டார்ட் ஆனால், பவர் சப்ளை அல்லது சிபியு. அப்படியே அணைந்துபோய், பவர் பட்டனை அழுத்தினாலும் எழாமல், பின்பக்க ஸ்விட்சை அணைத்துச் சிறிது நேரம் விட்டுப் போட்டால்தான் எழுகிறது என்றால் சந்தேகம் நேராக பவர் சப்ளை மீது விழ வேண்டும். அதன் பாதுகாப்புச் சுற்று தன்னைப் பூட்டிக்கொள்வதன் அடையாளம் அது.

படம் உறைந்து, சத்தம் ஒரே இடத்தில் சிக்கி 'ர்ர்ர்' என்று இழுத்தால் ராம், சிபியு, ஓவர்கிளாக் (நிர்ணயித்ததைவிட அதிக வேகத்தில் ஓட்டுவது) மூன்றையும் பாருங்கள். ப்ளூ ஸ்கிரீன் வந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அது ஒரு குறியீட்டை விட்டுச் செல்கிறது.

விண்டோஸ் எழுதிவைத்திருப்பதைப் படியுங்கள்

ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்று தேடுங்கள். நாள்வாரியாக எந்தெந்த கிராஷ் நடந்தது என்று ஒரு வரைபடம் வரும். பிரச்சினை தொடங்கிய நாளன்று என்ன புதிதாக நிறுவப்பட்டது என்பதும் அதே பக்கத்தில் இருக்கும். இதைப் பார்த்த உடனேயே பலருக்கு விடை கிடைத்துவிடும். ஹார்டுவேர் எரர் என்ற தலைப்பில் லைவ் கெர்னல் ஈவென்ட் 141 இருந்தால், கிராபிக்ஸ் கார்டு பதிலளிக்காமல் நின்றுபோயிருக்கிறது.

அடுத்து ஈவென்ட் வியூவர். அதில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். கிராஷ் ஆன நிமிடத்துக்குப் போய்ப் பாருங்கள்.

இயந்திரமே அணைந்தோ ரீஸ்டார்ட் ஆகியோ இருந்தால் கெர்னல் பவர் 41 என்ற பதிவு பெரும்பாலும் இருக்கும். அதைப் பார்த்ததும் பவர் சப்ளையை மாற்றக் கிளம்பிவிடாதீர்கள். 'போன முறை ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை' என்பதைத் தவிர அது வேறெதுவும் சொல்வதில்லை. அதன் டீடெய்ல்ஸ் பகுதியில் இருக்கும் பக்செக் கோட் எண்தான் முக்கியம். அது 0 என்றால், ப்ளூ ஸ்கிரீன் எழுதக்கூட அவகாசம் கிடைக்காமல் மின்சாரம் போயிருக்கிறது அல்லது இயந்திரம் முற்றிலும் உறைந்திருக்கிறது. வேறு எண் இருந்தால் அது ப்ளூ ஸ்கிரீன் குறியீட்டின் பதின்ம வடிவம். அடிக்கடி வருபவை: 278 கிராபிக்ஸ் டிரைவர் மீளாமல் போனது; 292 ஹார்டுவேரே தெரிவித்த பிழை, பெரும்பாலும் சிபியு அல்லது அதன் வோல்டேஜ்; 26 மெமரி மேனேஜ்மென்ட், முதலில் ராமைப் பார்க்க வேண்டும்; 257 சிபியு கோர் ஒன்று பதில் சொல்லவில்லை; 307 ஏதோ ஒரு டிரைவர் அளவுக்கு மீறி நேரம் எடுத்துக்கொண்டது, எஸ்எஸ்டி சம்பந்தப்பட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

ஹார்டுவேர் பிழைகளைப் பதியும் வியா லாகர் (WHEA-Logger) என்ற பெயரில் பதிவு இருந்தால் அதைவிடப் பெரிய தடயம் கிடையாது. 18 என்றால் சிபியு அளவிலான கடும் பிழை. அதில் ஏபிஐசி ஐடி என்று ஒரு எண் இருக்கும். ஒவ்வொரு முறையும் அதே எண் வந்தால் குறிப்பிட்ட ஒரு கோர் பலவீனம். 17 என்றால் பொதுவாக கார்டை மதர்போர்டோடு சேர்க்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் திருத்தப்பட்ட பிழை. கார்டை நிமிர்த்தி வைக்க ரைசர் கேபிள் போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு கார்டை நேரடியாக ஸ்லாட்டில் மாட்டிப் பாருங்கள். பிசிஐ எக்ஸ்பிரஸின் மூன்றாம் தலைமுறையான ஜென் 3 தரத்து ரைசரில் அடுத்த தலைமுறையான ஜென் 4 கார்டு மாட்டினால் இது சகஜம். பயாஸில் ஸ்லாட் வேகத்தை ஜென் 3 என்று வைத்தாலே நின்றுவிடும்.

டிஸ்பிளே 4101 என்பது டிரைவர் உறைந்து மீண்டது. கார்டு 2 நொடிக்குள் பதில் சொல்லவில்லை என்றால் விண்டோஸ் அதை ரீசெட் செய்யும். ரெஜிஸ்ட்ரியில் அந்த 2 நொடியைக் கூட்டச் சொல்லும் அறிவுரை பல இடங்களில் கிடைக்கும். அதைச் செய்யாதீர்கள். கார்டு நின்றுபோவதற்கான காரணம் அப்படியே இருக்கும், உறைந்த திரையை மட்டும் இன்னும் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

ப்ளூ ஸ்கிரீன் படிக்கும் முன் மறைகிறதா? சிஸ்டம் ப்ராபர்ட்டீஸில் அட்வான்ஸ்டு, அதில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி போய், தானாக ரீஸ்டார்ட் ஆகும் டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் சேரும் ஃபைல்களை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் விண்டிபிஜி மூலம் திறந்து, அனலைஸ் இணைப்பைச் சொடுக்கினால் எந்த ஃபைல் மீது பழி என்று காட்டும். ஐந்து டம்ப் ஃபைலும் ஒரே டிரைவரைக் காட்டினால் அந்த டிரைவரைப் பிடியுங்கள். ஐந்தும் ஐந்து வெவ்வேறு பெயரைக் காட்டினால் அவை எல்லாம் நிரபராதிகள், ராமைச் சோதியுங்கள்.

ஓவர்கிளாக் அனைத்தையும் நீக்குங்கள்

செலவே இல்லாத சோதனை இதுதான், ஆகவே முதலில் இது. பயாஸில் லோட் டிஃபால்ட்ஸ் கொடுங்கள். ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ செட்டிங் அணைந்துவிடும், சிபியு பூஸ்ட் மாற்றங்களும் போய்விடும். ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் கார்டின் செட்டிங்கையும் ரீசெட் செய்யுங்கள். அண்டர்வோல்ட் செய்திருந்தால், அதாவது வோல்டேஜைக் குறைத்திருந்தால், அதையும் எடுங்கள். சூட்டைக் குறைக்கச் செய்த அண்டர்வோல்ட்தான் கிராஷுக்குக் காரணம் என்று தெரியாமல் மாதக்கணக்கில் தேடுபவர்கள் நிறைய.

எக்ஸ்எம்பி என்பது 'ராம் பெட்டியில் எழுதியிருந்த வேகம்தானே, அது எப்படிக் கெடுக்கும்?' என்று தோன்றும். அந்த வேகம் ராமின் திறன் மட்டும் அல்ல. சிபியுவுக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரும் மதர்போர்டும் அதைத் தாங்க வேண்டும். டிடிஆர்5 ராமை நான்கு ஸ்டிக் போட்டால் தாங்கும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். இரண்டு ஸ்டிக்கில் 6000 ஓடிய அதே போர்டு, நான்கில் அந்த வேகத்தில் நிற்காமல் போவது வழக்கம். இரண்டு ஸ்டிக் மட்டும் என்றால் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலான நான்கு ஸ்லாட் போர்டுகளுக்கு அதுதான் சரியான இடம்.

எக்ஸ்எம்பி அணைத்ததும் கிராஷ் நின்றதா? பயாஸைப் புதிய பதிப்புக்கு மாற்றி மறுபடி போட்டுப் பாருங்கள். அப்போதும் கிராஷ் வந்தால் ஒரு படி இறங்குங்கள், 6000 என்றால் 5600. கேமில் அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்ப்பது கடினம்.

தொழிற்சாலையிலேயே ஓவர்கிளாக் செய்து விற்கப்படும் கிராபிக்ஸ் கார்டுகளுக்கு ரீசெட் போதாது. கோர் கிளாக்கை 50 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் வரை குறைத்து ஒரு நாள் ஆடிப் பாருங்கள். அதில் நின்றால், கார்டு தன் சொந்த வேகத்தைத் தாங்கவில்லை. வாரண்டி இருக்கும்போது இதோடு சமாதானம் ஆகிவிட வேண்டாம், கார்டை மாற்றிக் கேளுங்கள்.

ராமை நம்பிவிடாதீர்கள்

விண்டோஸுடன் வரும் மெமரி டயக்னாஸ்டிக் 'பிழை இல்லை' என்று சொன்னால் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பல கோளாறுகளைத் தவறவிடும். யுஎஸ்பியில் மெம்டெஸ்ட்86 ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, நான்கு சுற்று முழுதாக ஓட விடுங்கள். ராமின் அளவைப் பொறுத்துப் பல மணி நேரம் ஆகும், இரவில் போட்டுவிடலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். 'ஒன்றுதானே' என்று விடக் கூடாது.

பிழை வந்தால் ஒரு ஸ்டிக்கை மட்டும் வைத்து, அதே ஸ்லாட்டில், தனித்தனியாகச் சோதியுங்கள். எந்த ஸ்டிக் போட்டாலும் பிழை என்றால் ஸ்லாட்டையோ சிபியுவையோ சந்தேகியுங்கள். ஒரு பிழையும் வராவிட்டாலும் ராம் முழுதாக விடுதலை ஆகவில்லை. மெம்டெஸ்ட் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு குளிர்ந்திருக்கும். கேமில் அதே கார்டின் வெந்நீராவி போன்ற காற்று ராம் மீதே வீசும். சூடேறிய பிறகு மட்டும் தடுமாறும் ராமைப் பிடிக்க, விண்டோஸுக்குள்ளேயே டெஸ்ட்மெம்5 அல்லது ஓசிசிடி ஓட்ட வேண்டும்.

சூடு

சூட்டின் மேல் போடப்படும் பழி அளவுக்கு அதிகம். இன்றைய சிபியுவும் கார்டும் சூடேறினால் முதலில் வேகத்தைத்தான் குறைத்துக்கொள்ளும். அணைந்துபோவது அதற்கும் பிறகு. ஆகவே கிராஷுக்கு முன் ஃபிரேம் ரேட் சரியவே இல்லை என்றால் சூடு காரணமாக இருக்கும் வாய்ப்பு குறைவு.

ஊகிக்காமல் அளந்துவிடுங்கள். வெப்பநிலையைக் காட்டும் மென்பொருளான எச்டபிள்யுஇன்ஃபோவை சென்சார் மட்டும் என்று திறந்து, லாகிங்கைத் தொடங்கிவிட்டு ஆடுங்கள். கிராஷ் ஆன பிறகு அந்த ஃபைலின் கடைசி வரிகளைப் படியுங்கள். இன்டெல் டெஸ்க்டாப் சிபியுக்களில் பலவற்றின் எல்லை 100 டிகிரி செல்சியஸ், ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. ரைசன் 7000 கனமான வேலையில் 95 தொடுவது வடிவமைப்பின் படியே, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் கேம் தொடங்கிய சில நொடிகளிலேயே எல்லையைத் தொட்டால் கூலர் சரியாக உட்காரவில்லை, அல்லது வாட்டர் கூலரின் பம்ப் நின்றுவிட்டது.

கார்டில் சாதாரண வெப்பநிலையை மட்டும் பார்த்தால் போதாது. சிப்பின் மிகச் சூடான இடமான ஹாட் ஸ்பாட்டின் வெப்பநிலை அதைவிட 10 முதல் 20 டிகிரி வரை கூடுதலாக இருப்பது இயல்பு. 30 டிகிரிக்கு மேல் இடைவெளி இருந்தால் சிப்புக்கும் கூலருக்கும் இடையே உள்ள பேஸ்ட் காய்ந்து ஒதுங்கியிருக்கலாம். ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி உள்ள கார்டுகளில் மெமரி ஜங்ஷன் வெப்பநிலை 110 டிகிரியைத் தொட்டால், சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேடை மாற்ற வேண்டிய நேரம். பக்கத்துக் கதவைக் கழற்றிவிட்டு ஒரு மேசை ஃபேனை நேராக வைத்து ஆடுங்கள். கிராஷ் தள்ளிப் போனாலோ நின்றாலோ காற்றோட்டம்தான் கோளாறு. தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அசுர வேகத்தில் சுழன்று பேரிங் கெடும்.

டிரைவரைச் சுத்தமாக எடுத்துப் போடுவது

பழைய டிரைவர் மேலேயே புதியதைப் போடுவதும் சுத்தமாக எடுத்துவிட்டுப் போடுவதும் ஒன்றல்ல. கார்டை மாற்றியவர்கள், குறிப்பாக ஏஎம்டியிலிருந்து என்விடியாவுக்கோ மறுபக்கமோ போனவர்கள், இதைச் செய்தே ஆக வேண்டும்.

1. தேவையான டிரைவரையும் டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலரையும் முதலிலேயே டவுன்லோட் செய்து வையுங்கள்.
2. இணைய இணைப்பைத் துண்டியுங்கள். இல்லையென்றால் நடுவே விண்டோஸ் அப்டேட் தன்னிடம் உள்ள ஏதோ ஒரு பதிப்பைப் போட்டுவிடும்.
3. சேஃப் மோடில் பூட் செய்து, அன்இன்ஸ்டாலரில் கார்டின் நிறுவனத்தைத் தேர்ந்து, சுத்தம் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள்.
4. டிரைவரை மட்டும் நிறுவுங்கள். கூட வரும் உபரி மென்பொருள் வேண்டாம். பிறகு இணையத்தை இணையுங்கள்.

எப்போதும் புதிய பதிப்புதான் நல்லது என்றில்லை. ஒரு அப்டேட்டுக்குப் பிறகுதான் கிராஷ் தொடங்கியது என்று ரிலையபிலிட்டி ஹிஸ்டரி காட்டினால், அதற்கு முந்தைய பதிப்பையே போடுங்கள்.

பவர் சப்ளை: வாட் கணக்கு மட்டும் போதாது

'750 வாட் இருக்கிறது, கார்டுக்கு 320தான்' என்று கணக்குப் போட்டு பலர் இதைத் தாண்டிப் போகிறார்கள். அந்த 320 என்பது சராசரி. மில்லிநொடிக்கும் குறைவான நேரத்துக்கு கார்டு அதைப் போல இரண்டு மடங்கு வரை தாவி இழுக்கலாம். பழைய பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று அதை ஷார்ட் சர்க்யூட் என்று எடுத்துக்கொண்டு அணைத்துவிடும். பவர் சப்ளைகளுக்கு 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம், மதிப்பிட்ட வாட்டைப் போல இரண்டு மடங்கு வரையிலான நொடிப்பொழுதுத் தாவலையும் தாங்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

காசு செலவழிக்காமல் சோதிக்க வழி உண்டு. ஆஃப்டர்பர்னரில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதமாக இறக்கி, ஃபிரேம் ரேட்டை 60-இல் பூட்டிவிட்டு ஆடுங்கள். திடீர் அணைப்பு அதோடு நின்றால், பவர் சப்ளையோ அதன் கேபிளோ, அல்லது முழு மின்சாரத்தில் தடுமாறும் கார்டோதான் காரணம். மூன்றில் எது என்பதை வேறொரு பவர் சப்ளையைக் கடன் வாங்கி மாட்டினால் பிரித்துவிடலாம்.

அதற்கு முன் கேபிள்களைப் பாருங்கள். ஒரு எட்டு பின் இணைப்பு 150 வாட்டுக்கு, ஸ்லாட் 75 வாட்டுக்கு என்று வரையறுக்கப்பட்டது. கார்டில் இரண்டு எட்டு பின் துளை இருந்தால், ஒரே கேபிளின் நுனியில் தொங்கும் இரட்டைத் தலையை மாட்டாமல் பவர் சப்ளையிலிருந்து இரண்டு தனிக் கேபிள் இழுங்கள். 12 வோல்ட் ஹை பவர் எனப்படும் பதினாறு பின் இணைப்பு என்றால், இடைவெளி துளியும் தெரியாமல் உள்ளே போயிருக்க வேண்டும். தலைக்கு அருகிலேயே கேபிளை மடக்கக் கூடாது. பிளாஸ்டிக் நிறம் மாறியிருந்தால் அன்றைக்கே பயன்படுத்துவதை நிறுத்துங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒரு பவர் சப்ளையின் மாடுலர் (கழற்றி மாட்டக்கூடிய) கேபிளை இன்னொன்றில் மாட்டவே கூடாது. பொருந்தினாலும் உள் இணைப்பு வரிசை வேறாக இருக்கும், எஸ்எஸ்டியும் மதர்போர்டும் ஒரே நொடியில் போய்விடும். பவர் சப்ளையைத் திறக்கவும் கூடாது. பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே உள்ள கெபாசிட்டர் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றத்தை வைத்திருக்கும்.

யுபிஎஸ் வழியாக ஓட்டினால் ஒரு நாள் நேரடி பிளக்கில் ஓட்டிப் பாருங்கள். கொள்ளளவு போதாத யுபிஎஸ், கேமின் உச்சத்தில் தானே அணைந்து கம்ப்யூட்டர் மேல் பழியைப் போட்டுவிடும்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை வைத்திருப்பவர்களுக்கு

டெஸ்க்டாப் கோர் ஐ9, ஐ7 வைத்திருந்து, அன்ரியல் என்ஜின் கேம்கள் ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) தயாரிக்கும் நேரத்தில் மூடினால், அல்லது நிறைய வீடியோ மெமரி காலியாக இருக்கும்போதே 'வீடியோ மெமரி போதவில்லை' என்று எரர் வந்தால், கார்டைக் குறை சொல்லாதீர்கள். இந்தச் சிப்கள் அளவுக்கு மீறிய வோல்டேஜ் கேட்டு நாளடைவில் பலவீனமாகும் பிரச்சினையை 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் மைக்ரோகோட் (சிப்பின் உள் நிரல்) திருத்தங்கள் பயாஸ் அப்டேட்டாக வந்தன. உங்கள் மதர்போர்டின் மிகப் புதிய பயாஸைப் போட்டு, பவர் செட்டிங்கை இன்டெல் டிஃபால்ட் என்று வையுங்கள்.

மைக்ரோகோட் மேற்கொண்டு சேதம் ஆவதைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே கெட்ட சிப்பைத் திருப்பித் தராது. பயாஸ் போட்ட பிறகும் கிராஷ் தொடர்ந்தால் வாரண்டியில் மாற்றுங்கள். பாதிக்கப்பட்ட பெட்டி விற்பனைச் சிப்களுக்கு வாரண்டியை இரண்டு ஆண்டு கூட்டி ஐந்தாக்கியிருக்கிறார்கள். சந்தேகத்தை உறுதிப்படுத்த, சிப்பின் வேகமான கோர்களான பி கோர்களின் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கு எண்ணை இரண்டு மூன்று படி குறையுங்கள், 55 என்றால் 53. கிராஷ் நின்றால் குற்றவாளி சிபியுதான்.

ஒரே கேமில் மட்டும் என்றால்

கேம் ஃபைல்களை லாஞ்சர் வழியாகச் சரிபாருங்கள், மாட்களை எடுங்கள், ஷேடர் கேஷை அழியுங்கள், டிஸ்கார்டு உள்ளிட்ட எல்லா ஓவர்லேயையும் (கேமின் மேலேயே தோன்றும் மற்ற மென்பொருள்களின் திரை) அணையுங்கள். டெக்ஸ்ச்சரை ஒரு படி இறக்குங்கள். கேமில் டைரக்ட்எக்ஸ் 12, 11 என்று தேர்வு இருந்தால் மாற்றிப் பாருங்கள். ராம் நிரம்பினால் டிஸ்கில் இடம் தரும் பேஜ் ஃபைலை 'ராம்தான் நிறைய இருக்கிறதே' என்று அணைத்து வைத்திருந்தால் திரும்ப விண்டோஸ் பொறுப்பில் விடுங்கள். 16 ஜிபி ராமில் பெரிய கேம் ஒன்றும் பிரௌசரும் சேர்ந்தால் எல்லை தாண்டுவது எளிது. ஈவென்ட் வியூவரில் 2004 என்ற பதிவு இருந்தால் இதுவே காரணம். ஃபைல் சரிபார்க்கும்போது ஒவ்வொரு முறையும் புதிது புதிதாக ஏதாவது கெட்டுப்போயிருந்தால் கேமை விட்டுவிட்டு ராமையும் எஸ்எஸ்டியையும் பாருங்கள். எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்தை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ காட்டும்.

சரியாகிவிட்டது என்று எப்போது சொல்லலாம்

ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை கிராஷ் ஆன இயந்திரம் இரண்டு மணி நேரம் ஓடியது தற்செயலாக இருக்கலாம். வழக்கமான இடைவெளியைப் போல ஐந்தாறு மடங்கு நேரம், அதிகம் கிராஷ் ஆன அதே கேமில் ஓட வேண்டும். ஃபர்மார்க் போன்ற ஸ்ட்ரெஸ் டெஸ்டில் தேறியதை மட்டும் நம்பாதீர்கள். அது ஒரே சீராக அழுத்தும், கேம் ஏற்றி இறக்கி அழுத்தும். அப்படி ஓடிய பிறகு, நீக்கிவைத்த எக்ஸ்எம்பி, பவர் லிமிட், ஓவர்லே ஆகியவற்றை ஒவ்வொன்றாக, ஒரு நாளைக்கு ஒன்று என்று திரும்பக் கொண்டு வாருங்கள்.

வாரண்டிக்கு அனுப்புவதாக இருந்தால் ஈவென்ட் பதிவின் ஸ்கிரீன்ஷாட், வெப்பநிலை லாக், மெம்டெஸ்ட் முடிவு, டிஃபால்ட் செட்டிங்கிலும் கிராஷ் ஆகும் வீடியோ ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். 'கேம் ஆடினால் அணைகிறது' என்று மட்டும் எழுதி அனுப்பிய பாகத்தை, சோதனை மேசையில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு 'கோளாறு இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எத்தனை நிமிடத்தில், எந்த கேமில், எந்தக் குறியீட்டோடு கிராஷ் ஆகிறது என்று எழுதியிருந்தால் அவர்களும் அதையே செய்து பார்க்க முடியும்.